துடைக்கக் கூடாது

ஒப்பந்தத்தில் எனக்கென்று ஒரே ஒரு வரி:
கண்ணாடியைத் துடைக்கக் கூடாது.
இருபத்தாறு வருடம்
துடைப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான்.

ஃபிரீஸ்லாந்தின் வடகரை.
அணைக்கு அப்பால் சேறும் கடலும்
ஆறு மணிக்கொரு தரம் இடம் மாற்றிக்கொள்ளும்.
இப்பால் எங்கள் கோயில். வெள்ளைச் சுவர்.
படங்களையெல்லாம் சுண்ணாம்பு பூசி மூடியவர்கள்
பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன்கள்.
வடக்கு மாடத்தில் இன்னும் நிற்கிறாள்
முகம் கொத்தப்பட்ட ஒரு கல் பெண்.
மரியாளா, வேறு யாராவதா, தெரியாது.
அவளுக்குத் தூசி தட்டுவதும் நான்தான்.

அந்தச் சுவருக்கு முன்னால்
வீட்ஸ்கே என்றொருத்தி வந்து
ஒரு கண்ணாடியை நிறுத்தினாள்.
இரண்டு ஆள் உயரம். உருவமில்லை, நிறமில்லை.
முதுகில் குளிர்குழாய்கள்,
பண்ணையில் பால் தொட்டிக்கு வைப்பார்களே, அதே ஜாதி.
"ஓவியம் எங்கே?" என்றேன்.
"ஞாயிற்றுக்கிழமை வரும்" என்றாள்.

வந்தது.
முதல் பாட்டுக்கு ஒன்றுமில்லை.
இரண்டாவது முடியும்போது
நடுவில் லேசாக ஒரு வெளுப்பு.
முப்பத்தோரு பேருடைய மூச்சு.
பிரசங்கம் நீள நீள அது தடித்தது.
ஆசீர்வாதத்துக்குள் துளிகள் இறங்கத் தொடங்கின,
ஒன்று இன்னொன்றில் இடித்து,
இரண்டும் சேர்ந்து வேகமெடுத்து.

சபைக் கூட்டத்தில் ஐந்துக்கு நான்கு.
நான்கில் முதலில் உயர்ந்த கை
கோசே ஹீம்ஸ்த்ராவுடையது. நூற்றுப்பத்து மாடுகள்.
"என் தொழுவத்து ஜன்னலில் தினம் காலை
இதுதான் வருகிறது.
யாரும் எனக்கு நாற்பதாயிரம் யூரோ கொடுக்கவில்லை."
எல்லோரும் சிரித்தார்கள், போதகர் பவுக்யே உட்பட.
வீட்ஸ்கே மட்டும் சிரிக்காமல்
அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

வெறும் சுவர் போதும் என்றார் கோசே.
நியாயம்தான். எனக்கும் அந்த வெறுமை பிடிக்கும்.
புதன்கிழமை மூன்று மணிக்கு
அதன்மேல் வெயில் நடந்து போவதைப்
பார்த்தவன் நான் ஒருவன்.
அதற்கு யாரும் வாக்கெடுக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
வாளியோடு பக்கக் கதவில் நுழைகிறேன்,
கோசே.
தொழுவத்து பூட்ஸைக் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு,
கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில்.
பாடவில்லை. ஜெபமும் இல்லையென்று நினைக்கிறேன்.
பிறந்த கன்று அசையாமல் கிடந்தால்
அதன் மூக்கில் ஊதுவார்களே, அப்படி
ஊதினார்.
உள்ளங்கை அளவுக்கு வெண்மை.
அது கரையும்வரை பார்த்திருந்தார்.
மறுபடி ஊதினார்.
நான் வாளியைக் கீழே வைக்கவில்லை. சத்தம் கேட்கும்.

அந்தச் செவ்வாயைப் பற்றி
அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.
நானும்தான்.
அடுத்த கூட்டத்தில்
குளிர்குழாயின் மின்கட்டணத்தைக்
காசு வரைக்கும் படித்துக் காட்டினார்.

நவம்பரில் அவரை நடுவில் வைத்தோம்.
முந்நூறு பேர். ஆர்கன் மாடியிலும் நெரிசல்.
கோயில் வாசலையே மிதிக்காத
பால் லாரிக்காரர்கள், கால்நடை மருத்துவர்,
ஏலச்சந்தைத் தரகர்கள்.
பாட்டு எடுக்குமுன்பே கண்ணாடி வெளுத்துவிட்டது.
அன்றைக்குத் துளியில்லை, ஓட்டம்.
விளிம்பு தாண்டி,
தரையில் பதித்த பழைய கல்லறைப் பலகைகளின்
தேய்ந்த எழுத்துகளில் தேங்கி,
சவப்பெட்டி வண்டியின் சக்கரம் வரைக்கும்.
பவுக்யே என்னைப் பார்த்தார்.
துணியை எடுத்தேன். தரையை மட்டும்.

எல்லோரும் காப்பிக்குப் போனபின்
பிழிந்து பார்த்தால் அரை வாளி.
கண்ணாடிக்குத்தான் ஒப்பந்தம்,
வாளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.
வழக்கமாகப் பின்பக்கச் சாக்கடைதான்.
அன்று ஏனோ தூக்கிக்கொண்டு
அணைமேல் ஏறினேன். மூச்சு வாங்கியது.
கடல் விலகியிருந்த நேரம்.
கண்ணுக்கெட்டியவரை சேறு.
அதில் ஊற்றினேன்.