நீலம் எதில் சேரும்

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி போடக் கூடாது.
சத்தம் தெருவுக்கு ஆகாதாம்,
தொட்டியிலேயே எழுதியிருக்கிறது.
அதனால் உன் புட்டிகள் ஒரு பகல் முழுக்க
என் காரின் பின்னிருக்கையில் கிடந்தன, ஃபோல்க்மார்,
ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

திங்கள். கெர்லிட்ஸில் மழை.
வெள்ளைக்கு ஒரு வாய், பழுப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று.
முதல் புட்டி விழுந்ததுமே
எதிர்வீட்டுத் திரை விலகியது.
எண்ணட்டும்.
நான் நாற்பதோடு நிறுத்திவிட்டேன்.

மூடிகளைத் திருகி மஞ்சள் பைக்கு ஒதுக்கினேன்.
கடையில் காசு திரும்பக் கிடைக்கும் பீர் புட்டிகளை
வெளியே சுவரோரம் நிறுத்தினேன்.
இரவில் பொறுக்க வருகிறவர்
உள்ளே கையை விட வேண்டாம்.
நீ யாருக்கும் வாங்கித் தராத காப்பி
அதில் ஒன்றிரண்டு தேறும்.

கடைசியாக ஒரு நீலப் புட்டி.
லேபிள் இல்லை. உள்ளே
காய்ந்த லாவெண்டர் காம்பு.
நீ பூ வைத்தாயா?

நீலத்துக்கு வாய் இல்லை.
எந்த நிறத்திலும் சேராதது பச்சையில் போகும்,
அதுதான் விதி.
போட்டேன். உடையவில்லை.
மற்றவற்றின் மேல் மெல்ல
உட்கார்ந்த சத்தம்.

காம்பு எந்தத் தொட்டிக்கென்று தெரியும், தம்பி.
இன்னும் கோட்டுப் பையில்தான் இருக்கிறது.