ஐம்பது ஹேர்ட்ஸ்

முதலாம் குறுக்குத் தெருவில் ரிஸ்மி நானா
ஐசியை லொத்தர் தாளில் சுற்றித் தந்தார்.
'சூடாகும் தங்கச்சி, அலுமினியம் வைங்க.'
மிச்சக் காசுக்கு இரண்டு ரெசிஸ்டர்.

செத்த லப்டொப் பற்றரியின் வயிற்றில்
ஆறு செல்.
மீற்றர் வைத்தேன்.
மூன்றில் உயிர் இருந்தது.

பிஸ்கட் தகரத்தில் துளை போட்டதில்
பெருவிரல் கிழிந்தது.
ஈயப் புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு
கறுப்பு வயரை எங்கே கொடுப்பதென்று
மூன்று இரவு யோசித்தேன்.

கடைசி இணைப்பு ஆறுமுன்
கொட்டாஞ்சேனை முழுக்கக் கரண்ட் போயிற்று.
மேல்வீட்டு மின்விசிறி
கரகரத்து ஓய்வதுகூடக் கேட்டது.

பரவாயில்லை, இது பற்றரியில் பாடும் சாதி.
இருட்டில் சுவிட்சைத் தட்டினேன்.
டப்.
பிறகு ஒன்றுமில்லை.
உள்ளே போகும் வயரின் நுனியைத் தொட்டேன்.
தொட்டால் இரைய வேண்டும்.
இரையவில்லை.

எதிர்வீட்டில் மெழுகுதிரி தேடினார்கள்,
நான் பிழை தேடினேன்.
கறுப்பு வயர்தான், வேறென்ன.
கழற்றி ஒட்டலாமென்றால்
அயனும் ஆறிப்போய்க் கிடந்தது.
பிழையைத் திருத்தவும் கரண்ட் வேண்டும்.

போனைப் பல்லில் கடித்தபடி
வெளிச்சத்தில் குனிந்திருந்தேன்,
விரலை எடுக்க மறந்து.

உம்ம்ம் என்றது தகரம்.

அறை இருட்டாகவே இருந்தது,
விளக்கை நான் முன்பே அணைத்திருந்தேன்.
சுவருக்குள்ளே, கூரைக்கு மேலே,
சந்தி ட்ரான்ஸ்போமர்வரை
ஓடும் வயரெல்லாம்
என் தோலில் ஏறி
மூன்று அங்குல ஸ்பீக்கரில் நடுங்கின.

அதற்குப் பிறகுதான்
ஒழுங்கையில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்:
'கரண்ட் வந்திட்டுது!'

பிழையே இல்லை.
கேட்பதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

பாட்டுப் போடலாம்தான்.
விரலை எடுத்தேன்,
திரும்ப வைத்தேன்.