கூட்டக் குறிப்பு, திருத்தங்களுடன்

வருகை: பதின்மூன்று பேர்.
ஒரு நாயும் வந்திருந்தது, அதற்கு வாக்கில்லை.
இடம்: லூதரன் தேவாலயத்தின் நிலவறை.
வெளியே சுப்பீரியர் ஏரி உறைந்து கிடக்கிறது.
காலணிப் பனி உருகி
ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு குட்டை.
செயலாளர் என்பதால் எழுதுகிறேன்.
வேறு யாரும் கை தூக்காததால் செயலாளர்.

ஒன்று: சென்ற மாதக் குறிப்பு ஏற்கப்பட்டது.
இரண்டு: நாய்க்கழிவு. நாற்பது நிமிடம்.
மூன்று: டாமரக் ஓடை.

ஓடை என்றால்,
எங்கள் தெருக்களுக்குக் கீழே
நூறு வருடமாகக் குழாய்க்குள் போவது.
பழைய மரக்கிடங்குக்குப் பின்னால் மட்டும்
இருநூறு அடிக்கு வெளியே வந்து
வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு
மறுபடி குழாய்க்குள் நுழைந்து ஏரிக்குப் போகும்.
அந்த இருநூறு அடியை ஒட்டித்தான் வரப்போகிறது
நான்கு மாடி, அறுபத்திரண்டு வீடு,
எழுபத்தெட்டு கார் நிறுத்துமிடம்.

நகரத் திட்டப் பிரிவிலிருந்து மாரிட் ஸ்டென்வால்
வரைபடத்தை விரித்தார். அது சுருண்டுகொண்டது.
நான்கு மூலையிலும் காப்பிக் கோப்பை வைத்தோம்.
ஓடை அதில் ஒரு புள்ளிக்கோடு.
கரையிலிருந்து இருபத்தைந்து அடி விடுகிறோம் என்றார்.
நாற்பது, என்றார் ரெய்னோ லாக்சோனென்.

ரெய்னோ செப்டம்பர்தோறும்
ரப்பர் பூட்ஸோடு இறங்கி ட்ரவுட் எண்ணுகிறவர்.
பதினாறு வருடக் கணக்கு, நனைந்து காய்ந்த நோட்டில்.
போன வருடம் எத்தனை என்று கேட்டார் மாரிட்.
ஏழு, என்றார் ரெய்னோ.
யாரும் சிரிக்கவில்லை. கஷ்டப்பட்டுத்தான்.

அப்போது லோர்னா போலியூ எழுந்தாள்.
என் மகள் இரண்டு குளிர்காலமாக
என் சோபாவில் தூங்குகிறாள்.
அவள் குழந்தைக்கு, அலமாரி இருந்த இடம்.
ஏழு மீனுக்கு நாற்பது அடி சரி.
அவளுக்கு எத்தனை அடி, யாராவது அளந்தீர்களா?

"விவாதம் நடந்தது" என்று எழுதினேன்.
ஹீட்டர் உறுமியது.
ரெய்னோ நோட்டை மூடினார், திறந்தார், மூடினார்.

பின்வரிசையில் இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த
நர்ஸ் ஓடெட், கோட்டை மாட்டியபடியே கேட்டாள்:
வாசலிலேயே பஸ் நிற்கிறதே,
எழுபத்தெட்டு கார் எதற்கு?
விதிமுறை, என்றார் மாரிட்.
யார் எழுதியது?
மாரிட் கோப்பையைப் பார்த்தார்.
எங்கள் பிரிவுதான்.

தீர்மானம்: வீடுகள் அறுபத்திரண்டும் இருக்கட்டும்,
கார்கள் இருபது குறையட்டும், ஓடைக்கு நாற்பது அடி.
ஆதரவு எட்டு, எதிர்ப்பு ஐந்து.
லோர்னா எதிர்ப்பு. அப்புறம் பார்க்கலாம் என்பதில்
அவளுக்கு நிறைய அனுபவம்.

எங்கள் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது.
குடியிருப்போர் சங்கம் பரிந்துரைக்கும், அவ்வளவுதான்.
கதவைத் தட்டலாம், தாழ்ப்பாள் அந்தப் பக்கம்.
நவம்பரில் நகர மன்றம் முடிவு சொன்னது: முப்பத்திரண்டு அடி.
கூடக் கிடைத்தது ஏழு.
மீனுக்குத் தலைக்கு ஒன்று, என்றாள் லோர்னா.
ரெய்னோதான் முதலில் சிரித்தார்.

கட்டடம் இன்னும் எழும்பவில்லை.
மகள் இன்னும் சோபாவில்தான்.
ஏழு அடியில் இப்போது ஆல்டர் புதரும்
யாரோ வீசிய ஒரு டயரும் இருக்கின்றன.
டயரை எடுப்பது யார் என்பது நிலுவையில்.

இதெல்லாம் பிறகு. இந்தக் குறிப்புக்கு
மார்ச் கூட்டத்தில் வந்த திருத்தங்கள் இரண்டு.
நாயின் பெயர் விடுபட்டிருக்கிறது: பிக்கிள்ஸ்.
மூன்றாம் பொருளில்
"விவாதம் நடந்தது" என்பதை அடித்துவிட்டு
"லோர்னா போலியூ பேசினார்" என்று எழுதி,
அவர் சொன்னதை முழுதாகச் சேர்க்க வேண்டும்.
முன்மொழிந்தவர் ரெய்னோ லாக்சோனென்.
எதிர்ப்பு இல்லை.

அடுத்து, நாய்க்கழிவு.