முப்பத்தொன்றாம் நிமிடம்

ஐம்பது நிமிடப் பேச்சை எழுத்தில் இறக்க
ஆறு மணி நேரம் ஆகும் என்றார்கள்.
எனக்கு ஒன்பது ஆனது.
மருத்துவ உளவியல், முதுகலை இரண்டாம் ஆண்டு,
மொன்டெவிடியோவில் ஆகஸ்ட் மாதக் குளிர்.
தெற்கிலிருந்து வந்த காற்றில்
ஜன்னல் தாழ்ப்பாள் பல்லைக் கடித்தது.

விதிமுறை எளிது.
பெயர் கூடாது; அவர் வெறும் 'வ.'
இருமினால் (இருமல்).
சிரித்தால் (சிரிப்பு).
மூன்று விநாடிக்கு மேல் ஒன்றுமே இல்லையென்றால்
அடைப்புக்குள் மௌனம், பக்கத்தில் அதன் நீளம்,
பூக்காரி முழம் போடுவதுபோல.

வ. இருபத்தாறு வருடம் பேருந்து நடத்துநர்.
இப்போது ஓட்டுநரே சீட்டும் கொடுத்துவிடுகிறார்.
இவருடைய கட்டைவிரல் மட்டும்
இன்னும் வேலைக்குப் போய்வருகிறது.
மேசைமேல் அது சில்லறை எண்ணுவது
பதிவில் கேட்கிறது: தட், தட், தட்.
மகன் பில்பாவோ போய் நாலு வருடம்.
எங்கள் இலவச சிகிச்சை மையத்துக்கு அனுப்பியது
இவர் தூங்காததால் தூங்க முடியாத மனைவி.

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
முதல் பத்து நிமிடத்தில் பதினேழு 'ம்'.
கட்டிலுக்கடியில் ஏதோ வளர்ப்புப் பிராணி இருப்பதுபோல.

முப்பத்தொன்றாம் நிமிடம்.
நான் பெருமைப்பட்டுக்கொண்ட இடம் இது.
நாற்பத்திரண்டு விநாடி வாய் திறக்கவில்லை.
அவர் மாத்தே குடுவையை அடிவரை உறிஞ்சும் கொரகொரப்பு;
பிறகு அதுவும் இல்லை.
பிறகு என் கேள்வி, பஞ்சுபோல:
'இதை வீட்டில் சொல்லியிருக்கிறீர்களா?'
மேற்பார்வையாளர் மிர்த்தா பென்சிலால்
ஓரத்தில் எழுதியிருந்தார்: நல்ல கேள்வி.

இறுதிப் பிரதிக்காக, இரவு இரண்டு மணிக்கு,
வேகத்தைப் பாதியாக்கி மறுபடி கேட்டேன்.
என் கேள்விக்கு அரை விநாடி முன்னால்
ஒரு மூச்சு உள்ளே போகிறது.
உதடு பிரிகிறது.
'மா—'
அதன்மேல் என் குரல்
ஓடும் பேருந்தில் ஏறுபவன்போல்
காலை வைக்கிறது.

நல்ல மனிதர். எனக்கு இடம் விட்டார்.
'இல்லை, சொன்னதில்லை' என்று
கேட்டதற்கு மட்டும் பதில் கொடுத்தார்.

எங்கள் ஸ்பானியத்தில் அந்த அசையில்தான்
அம்மா தொடங்குகிறாள்.
கடல் தொடங்குகிறது. கை. நாளை. கொலை செய்வது.
அவர் மகனின் பெயரும் அங்கேதான்;
அதை நான் எழுதக் கூடாது.
மாத்தேயும் அங்கேதான்.
'மாத்தே ஆறிவிட்டது' என்று சொல்ல வந்திருக்கலாம்.
அதுவாகத்தான் இருக்கும் என்று
மூன்று மணிவரை நம்பிப் பார்த்தேன்.

முதல் பிரதிக்கு மதிப்பெண் போட்டாயிற்று.
பன்னிரண்டுக்குப் பத்து.
பருவ முடிவில் பதிவை அழித்துவிட வேண்டும்;
எழுதியதுதான் நடந்ததாக இருக்கும்.
நாற்பத்திரண்டை அடித்து
நாற்பத்தொன்றரை ஆக்கினேன்.
கீழே, வ.: மா—
அதற்குக் கீழே, நான்: (குறுக்கீடு).

வியாழக்கிழமை வந்தார்.
அக்குளில் தெர்மாஸ், தோளில் மழை.
முழங்கால் வலியைச் சொன்னார்,
பக்கத்து வீட்டு நாயைச் சொன்னார்,
நிறுத்தினார்.
கட்டைவிரல் எண்ணத் தொடங்கியது.
நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு
நானும் கூடவே எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.
ஐம்பத்தெட்டில்
'காற்று வருகிறது, சாத்த முடியுமா?' என்றார்.

எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.
வந்து உட்கார்ந்தேன்.
மறுபடி ஒன்றிலிருந்து.