கழிவுக் கணக்கு

வெள்ளி ராத்திரி ஒன்பதே காலுக்கு
அறுபத்திரண்டு சதவீதத்தில்
முக்கூடல் முழுக்கக் கரண்டு போனது.
யூபிஎஸ் மூன்று தடவை கத்தியது.
நாலாவதற்கு அது இல்லை.

பழைய லினக்ஸில் பாதி, புதியதில் பாதி.
கரண்டு வந்த பின் கறுப்புத் திரையில்
கடைசி வரி: கெர்னல் பேனிக்.
அந்தப் பெயரை வைத்தவன்
ஏதாவது பீடிக் கம்பெனியில்
சனிக்கிழமைக் காலையைப் பார்த்திருக்க வேண்டும்.
விடிந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்
கூலிக்கு வந்து நிற்பார்கள்.

மேலப்பாளையம் பீர் மைதீனைக் கூப்பிட்டேன்.
"ஏன்வே, வெள்ளிக்கிழமையா அப்கிரேடு போடுவாவ?"
சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்:
"ஹோம் தனிப் பார்ட்டிஷன்தானே?"
தனிதான்.
மூன்று வருசத்துக்கு முன் யாரோ சொன்னார்களென்று
யோசிக்காமல் பிரித்துப் போட்டது.
கூரை போச்சு, வாசல் போச்சு,
வீடு மட்டும் நிற்கிறது.

பென்டிரைவிலிருந்து எழுப்பினேன்.
இரவல் தரையில் நின்றுகொண்டு
சொந்த டிஸ்க்கை மவுண்ட் செய்து
இனி இதுதான் வேர் என்று
உடைந்ததற்குள்ளேயே இறங்கினேன்.
நூற்று நாற்பத்தேழு பேக்கேஜ்கள்
பிரித்தது பிரித்தபடி, நூல் சுற்றாத பீடி மாதிரி.
ஒன்று இன்னொன்று வரட்டும் என்றது.
அது மற்றொன்று வரட்டும் என்றது.
மற்றது முதலாவதைக் கைகாட்டியது.
கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு
யார் உட்காருவது என்கிற அதே இழுபறி.
வீம்பு பிடித்த இரண்டைக் கழற்றி வெளியே வைத்ததும்
மற்றவை மளமளவென்று உட்கார்ந்தன.

வாட்ச்மேன் ஐகோர்ட் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.
"செத்துட்டா சார்?"
"இல்லண்ணே, மயக்கம்."
அவர் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார்.
நம்ம கம்பெனி பீடி இல்லை.

நாலு மணி தாண்டி
கிரப் பட்டியலின் அடியில்
பழைய கெர்னல் பெயர் தட்டுப்பட்டது.
அதைத் தொட்டேன்.
ஃபேன் சுற்றியது. பாஸ்வேர்டு கேட்டது.
முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால்
வியாழன் வரை எல்லாம் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை மட்டும் காணோம்,
காலண்டரிலேயே அப்படி ஒரு நாள் இல்லாத மாதிரி.

எட்டு மணிக்கு வரிசையில் முதலாவதாகச் சந்தனமாரி.
சொன்னேன்.
"இதுல இருக்கே" என்று
பிளாஸ்டிக் பையிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.
புகையிலைத் தூள் ஒட்டிய ஏடு.
செக்கரின் பேனா, நேற்றைய தேதி.
கொடுத்தது ஆயிரம், கழிவு முப்பது.
அடித்தேன்.

"முப்பதுன்னுதான் எழுதுவாவ.
நீங்க அம்பதுக்குல்லா பிடிப்பிய" என்றாள்.
குறையாகச் சொல்லவில்லை.
பாபநாசம் பஸ் எத்தனை மணிக்கு என்பது போலச் சொன்னாள்.

நான் எழுதிய நிரல்தான். திறந்து பார்த்தேன்.
இருபத்தைந்து பீடி ஒரு கட்டு.
கழிவு ஒரு கட்டைத் தாண்டினால்
அடுத்த முழுக்கட்டுக்கு ஏற்றிவிடு.
ஒரே ஒரு வரி.
யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை.
முழு எண்ணாக வரட்டும் என்று
ஏதோ ஒரு மத்தியானம் நினைத்திருப்பேன்.
முப்பதுக்கு ஐம்பது:
ஐந்து ரூபாய் அறுபது காசு.

ராத்திரி முழுக்க எத்தனை எரர் வந்தது!
இந்த வரி மூன்று வருசமாக
ஒரு தடவைகூடத் தப்பென்று கத்தவில்லை.

வரியை அழித்துச் சேமித்தேன்.
முதலாளி பதினோரு மணிக்கு வருவார்,
அவரிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
போன சனிக்கிழமைகளுக்குப்
பட்டியலின் அடியில் பழைய பெயர் ஏதும் இல்லை.

பீர் மைதீனின் மெசேஜ்: "எந்திச்சிட்டா?"
பிறகு பதில் போடலாம்.
வரிசை கதவைத் தள்ளுகிறது.
அடுத்த புத்தகம் மகுதூம் பீவியுடையது.
கழிவு பதினேழு.
பதினேழு என்றே அடித்தேன்.