வரிக்கு நான்கு டாலர்

பத்திரிகை அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் சொல்கிறாள்:
மரண அறிவிப்பு, வரிக்கு நான்கு டாலர்.
சிலுவைப் படம் வேண்டுமென்றால் தனிக்காசு.
அம்மா கேட்டிருந்தால்
சிலுவை ஆண்டவருக்குத் தெரியும், விடு என்றிருப்பாள்.

ஒட்டீலியா வாசிங்கர். வயது தொண்ணூற்றேழு.
மேற்குக் கான்சாஸில், பன்னிரண்டு பேரில் ஏழாவதாக,
கோதுமை அறுப்பின் நடுவில் பிறந்தாள்.
அரை நாள் வேலை கெட்டது என்றாராம் அவள் அப்பா.
இதுவே ஐந்து வரி ஆகிவிட்டது.

சமையலறை அலமாரியில் எழுபத்தாறு நாட்காட்டிகள்,
தானியக் கிடங்குக்காரர்கள் வருஷாவருஷம் இலவசமாகக் கொடுத்தவை.
கட்டத்துக்கு ஒரு வரி, பென்சிலில்.
மழை அரை அங்குலம்.
சிவப்புப் பசு ஈன்றது, கிடேரி.
பன்றி அடித்தோம்.
நான் பிறந்த கட்டத்தில்: பெண். முட்டை முப்பத்தாறு.
அப்பா போன கட்டத்தில்:
அலோய்ஸ், காலை நாலரைக்கு. முட்டை நாற்பது.

இதைத் தம்பி லியாண்டருக்குப் படித்துக் காட்டினேன்.
சிரித்தான். பிறகு எழுந்துபோய்
களஞ்சியத்துப் பக்கம் காற்றில் நின்றுவிட்டு வந்தான்.
அன்றைக்குக் கோழிக்கூண்டுக்குப் போனது யார் என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முட்டை வேக அவளுக்குக் கடிகாரம் வேண்டாம்.
ஜெபமாலையில் இரண்டு பத்து சொன்னால் மஞ்சள் இளகி நிற்கும்,
நான்கு சொன்னால் இறுகும்.
மாலை ஒருமுறை தொழுவக் கதவில் மாட்டி அறுந்தது;
வைக்கோல் கட்டும் கம்பியால் முடிந்துகொண்டாள்.
பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்து
'அருள் நிறைந்த மரியே' ஜெர்மனில் ஓடும், பால் இறங்கும்.
பூசை ஆங்கிலத்துக்கு மாறிய வருஷம் எல்லாரும் புலம்பினார்கள்.
கடவுளுக்கு எல்லாப் பாஷையும் தெரியும்,
இந்தப் பசுவுக்குத்தான் வேறு தெரியாது என்றாள்.

ஒரு ஜூன் மாதம்.
அறுப்புக்கு நான்கு நாள் இருக்கையில்:
ஆலங்கட்டி. இருபது நிமிஷம். எல்லாம்.
மறுநாள்: இசிதோரைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
ஜன்னலோரம் நின்ற உழவர்களின் புனிதர்,
கையில் கலப்பையோடு, சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு
பதினொரு நாள்.
ஞாயிறு பூசைக்குப் போனாள், நன்மை வாங்கினாள்,
வீட்டுக்கு வந்து சுரூபத்தைத் தாண்டிப் போனாள்,
சண்டை போட்ட பக்கத்துவீட்டுக்காரரைத் தாண்டிப் போவதுபோல.
பன்னிரண்டாம் நாள்: சோளம் விதைத்தோம். அவரைத் திருப்பி வைத்தேன்.
போதும் அவருக்கு.

நான் கோவிலுக்குப் போவதை நிறுத்தியது முப்பது வயதில்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் ஏறும்முன்
ஜன்னல் வழியாக ஒரு குரல் மட்டும்:
உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொள்.
என்ன எழுதியிருப்பாள் என்று பயந்து பயந்து
அந்த வருஷத்தைப் புரட்டினேன்.
வெரோனிகா வந்தாள். உருளைக்கிழங்கு கருகவில்லை.
அடுத்த ஞாயிறும் அதுவே.
ஓரிடத்தில் மட்டும்: கொஞ்சம் கருகியது.

கடைசி நான்கு வருஷம் முதியோர் இல்லத்தில்.
எழுத்து பெரிதாகி, கட்டம் தாண்டி, மறுநாளுக்குள் சாய்கிறது.
காற்று.
சாமியார் நன்மை கொண்டுவந்தார்.
இங்கே ரொட்டியில் உப்பில்லை.
ஒவ்வொரு நாளும், ஒருநாள் தவறாமல்:
முட்டை இல்லை.
முட்டை இல்லை.

பிள்ளைகள் எட்டு, அதில் முன்னே போனவர் மூவர்.
பேரப்பிள்ளைகள் முப்பத்தொன்று.
இவர்கள் பெயரெல்லாம் போட்டால் ஒரு கன்றின் விலை.
அடக்கம் எந்தக் கோவிலில் என்கிறாள் அந்தப் பெண்.
வென்டலின், என்கிறேன்.
அவளுக்குப் பிடிபடவில்லை, ஊருக்குப் புதியவள் போல.
எழுத்துகளைச் சொல்கிறீர்களா, மெதுவாக?

நாற்பது வருஷமாக அந்தப் பெயரை
நான் வாயால் சொன்னதில்லை.
ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறேன்.
அவளும் அந்தப் பக்கம்
ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்கிறாள்.