ஒரு சுழி

என் அடையாள அட்டையில் நான் பூரனம்.
மூன்று சுழி இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டு சுழி.
பதிவுக்காரர் சிங்களத்தில் எழுதி
இன்னொருவர் அதைத் திருப்பித் தமிழில் எழுதியபோது
பொகவந்தலாவைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில்
எங்கோ ஒன்று விழுந்துவிட்டது.

அப்பாவுக்கும் அப்படித்தான்.
வேலுச்சாமி, வேலுசாமி.
ஒரு ‘ச்’ குறைந்ததற்கு
முப்பத்தொரு வருட ஈ.பி.எப். காசு
கொழும்பிலேயே நின்றுவிட்டது.
இது நீங்க இல்ல என்றார்கள்,
ஆள் எதிரே நிற்க.

அதனால்
கண்டி கிளினிக்கில் டொக்டர் கோடு போட்டு விளக்கியபோது
எனக்குச் சட்டென்று புரிந்தது.
“கிருமியில ஒரு எழுத்து மாறியிருக்கு.
பழைய குளிசைக்கு அதை இப்ப
அடையாளம் தெரியல.”

நான்கு வருடம் விழுங்கிய குளிசை.
நான் நினைத்திருந்தது வேறு.
சம்பளம் பிந்திய ஒரு சித்திரையில்
பஸ் காசில்லாமல் பதினெட்டு நாள் விட்டேனே,
அதனால்தான் என்று.
புருஷனிடமும் சொன்னதில்லை.
அன்று சொன்னேன்.
அவள் பேனையை மூடினாள்.
“விட்டது பிழைதான்.
ஆனா விடாமப் போட்டவங்களுக்கும் மாறியிருக்கு.”

கினிகத்தேனை வளைவுகளில்
ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து
அந்த இரண்டு வசனங்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்,
எது கடைசியில் நின்றால் தூங்கலாம் என்று.

புதுக் குளிசைக்கு இப்போது பதினொரு வருடம்.
இரவு ஒன்பது மணி.
சலிப்பறைத் தூசி இன்னும் மூக்கில் இருக்கும்.
வருடத்துக்கு இரண்டு தடவை இரத்தம்,
சிறுநீரகத்துக்கு ஒரு சோதனை,
விலாவுக்குக் கீழே குளிர்ந்த ஜெல்.
கல்லீரல் என்று பெயர் வைத்தவன்
தொட்டுப் பார்த்துத்தான் வைத்தானோ.
என்னுடையது பாதி வழியில் நிற்கிறதாம்.

மதினி எனக்கென்று
விளிம்புடைந்த கோப்பை ஒன்றை ஒதுக்கினாள்.
கோப்பையால் வராது என்று ஒரு தரம் சொன்னேன்.
பிறகு அவள் கோப்பையிலேயே குடித்தேன்,
அவள் பார்க்க.

மகள் வயிற்றிலிருந்தபோதுதான் இதைக் கண்டுபிடித்தார்கள்.
பிறந்த அன்றே ஊசி போட்டார்கள்.
அவளுக்கு இல்லை.
இந்த வரியை இன்னொரு தரம் எழுதிக்கொள்கிறேன்.
அவளுக்கு இல்லை.

பெட்ரோல் கிடைக்காத வருடம்
மருந்துக்காரர் அட்டைகளைக் கத்தரியால் வெட்டி
ஆளுக்குப் பதினாலு தந்தார்.
அடுத்த பதினாலுக்கு
கோவா மூட்டை மேல் உட்கார்ந்து போனேன்,
லொறி எங்கே நிற்குமோ என்று
ஒவ்வொரு ஏற்றத்திலும் வயிறு இறுக.

இன்று ரிப்போர்ட் வந்திருந்தது.
கண்டறியப்படவில்லை.
“இல்லைன்னு அர்த்தமா?”
“இல்ல. எண்ண முடியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு.”
“அப்ப எப்ப நிப்பாட்டுறது?”
அவள் திகதி எழுதினாள்.
அடுத்து வரவேண்டிய திகதி.

வெளியே வந்து
கொப்பியின் மட்டையில்
பெயருக்கு ஒரு சுழி சேர்க்கப் போனேன்.
நேர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டாள்.
“திருத்தாதீங்க அம்மா.
பிறகு கம்பியூட்டர்ல உங்களைத் தேட ஏலாது.”

ஒன்பது மணி.
பூரனத்தின் குளிசையைப் பிரித்து
பூரணம் நான் விழுங்குகிறேன்.
லயத்துக் குழாயில்
இன்று தண்ணீர் வருகிறது.